நாற்காலியில் நோயாளி சரிந்தால்: பல் மருத்துவ மாணவர்களுக்கு அவசரநிலைப் பயிற்சியைத் தொடங்குவது எப்படி

பல் மருத்துவ மாணவர்களுக்கு அவசரநிலைப் பயிற்சி நடத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் துறையில் கடைசியாகச் சேர்ந்தவரிடம்தான் இந்த வேலை வந்து சேரும். உடனே கை பழைய விரிவுரைப் படங்களைத் தேடும். மயக்கம், வலிப்பு, ஆஸ்துமா, மாரடைப்பு, ஒவ்வாமை என்று வரிசையாக நூறு படங்கள் கிடைக்கும். முதல் வாரத்தில் மட்டுமாவது அவற்றைத் தொடாதீர்கள்.

நான் நடத்திய முதல் ஒத்திகையிலேயே எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது. தீவிர ஒவ்வாமை பற்றி எழுத்துத் தேர்வில் குறையே இல்லாமல் எழுதிய மாணவி ஒருவர், நோயாளியாக நடித்தவர் கண்கள் செருகிச் சரிந்தபோது, ஒரு கையில் உறிஞ்சுகுழலையும் மறு கையில் நிரப்பும் கருவியையும் பிடித்தபடி, "இன்னும் ஒரு நிமிடம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவருக்கு அறிவு குறைவு என்று சொல்ல முடியாது. நான்கு ஆண்டுகளாக நாம்தான் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எச்சில் படக்கூடாது, பூச்சு இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், பாதியில் கையை எடுக்கக்கூடாது. அவசரநிலையோ முதலில் கேட்பது கையை எடுப்பதைத்தான்.

ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி முதல் ஒரு நிமிடத்தைப் பற்றியது. நோய்களின் பட்டியலை மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள்.

மாணவர்கள் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு நிறுத்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு சிகிச்சைக்கூடத்தின் கடைசி நாற்காலியில் நில்லுங்கள். அங்கிருந்து அவசர மருந்துப் பெட்டி இருக்கும் இடத்துக்கு நடந்து, எடுத்து, திரும்பி வாருங்கள். எத்தனை நொடி ஆனது? பெட்டி பூட்டியிருந்ததா? சாவி யாரிடம்? ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் திருகுசாவி சிலிண்டரோடு கட்டப்பட்டிருக்கிறதா, இல்லை யாருடைய மேசை இழுப்பறையிலோ கிடக்கிறதா? இந்த நடையிலேயே உங்கள் பயிற்சிக்கான பாதி விஷயங்கள் கிடைத்துவிடும்.

பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடு உண்டு. பொதுவாக இருப்பவை: அட்ரினலின் ஊசி மருந்து, நாவின் கீழ் தெளிக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட், ஆஸ்பிரின் மாத்திரை, சால்பியூட்டமால் இன்ஹேலரும் அதற்கான இடைக்குழலும், வாய்வழிக் குளுக்கோஸ், ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசி, வலிப்புக்கு உள்கன்னத்தில் விடும் மிடாசோலம், ஆக்சிஜன். இவற்றோடு சுயமாக விரியும் செயற்கைச் சுவாசப் பை, பல அளவு முகமூடிகள், சர்க்கரை அளவிடும் கருவி, ரத்த அழுத்தமானி, தானியங்கி இதய அதிர்வுக் கருவி. மருந்துகளின் காலாவதித் தேதியை நீங்களே பாருங்கள்; பட்டியலில் 'சரி' என்று குறியிட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதையும் கணக்குப் போடப் பழக்குங்கள். 340 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் முழுதாக இருந்தாலும், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் திறந்தால் ஏறத்தாழ 22 நிமிடம்தான் வரும். பாதி காலியான சிலிண்டர் 11 நிமிடம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அது தீர்ந்துவிடுமா என்ற கேள்வியை மாணவர்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்குவார்கள்.

முதல் வகுப்பு: நிறுத்து, வாயைக் காலிசெய், சாய், கூப்பிடு

முதல் வகுப்பில் நோயின் பெயரே வேண்டாம். மாணவர்கள் இருவர் இருவராக, உண்மையான நாற்காலியில், ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் மருத்துவராகவும். வாயில் பஞ்சுருளை, உறிஞ்சுகுழல், கண்ணாடி எல்லாம் இருக்கட்டும். பல்லைத் துளைக்கும் சுழல்கருவியில் மட்டும் துளையூசி பொருத்த வேண்டாம். நீங்கள் கைதட்டியதும் நான்கு காரியங்கள் நடக்க வேண்டும்.

சுழல்கருவி நிற்க வேண்டும். காலை மிதியிலிருந்து எடுத்தால் போதாது, கருவியையே தாங்கியில் வைக்க வேண்டும். வாயில் உள்ள அனைத்தும் வெளியே வர வேண்டும்: பஞ்சு, ரப்பர் திரை, அதன் கவ்வி, கழற்றக்கூடிய பல்செட். கூடவே, கருவித்தட்டைத் தாங்கும் நாற்காலியின் கையை ஒதுக்கித் தள்ள வேண்டும்; பதற்றத்தில் அதில் முழங்கை இடித்துக்கொள்ளாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பிறகு நாற்காலியைச் சாய்த்து, உரக்க உதவி கேட்க வேண்டும்.

கடைசி இரண்டும் எளிதாகத் தோன்றும். ஆனால் நாற்காலி தட்டையாகச் சாய்வதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகளில் மாணவர் பொத்தானை அழுத்தியபடி வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாயும் நேரத்திலேயே பெயர் சொல்லி அழைப்பது, தோளைத் தட்டுவது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றைச் செய்யப் பழக்குங்கள்.

உரக்க அழைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நோயாளி எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லையே' என்று சொல்லிவிட்டால் அவமானம் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். அதனால் அழைப்புக்கென ஒரு வாக்கியத்தை முன்பே முடிவுசெய்யுங்கள். "அவசரநிலை, மூன்றாம் நாற்காலி, பெட்டியும் ஆக்சிஜனும்" என்பது போதும். எல்லோரும் எழுந்து நின்று அதை முழுக்குரலில் கத்தட்டும். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பத்து முறை கத்திய பிறகு கூச்சம் போய்விடும். பொய்யான அழைப்புக்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை என்பதைத் துறைத்தலைவரையே வந்து சொல்லவைப்பது நல்லது. பேராசிரியர் முறைப்பாரோ என்ற அச்சத்தில் மாணவர் வாய் திறக்காமல் போனால் பயிற்சி அத்தனையும் வீண்.

'சாய்' என்பதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்துமாவில் திணறுபவரும் நெஞ்சுவலிக்காரரும் சுயநினைவோடு இருந்தால் நிமிர்ந்து உட்காரத்தான் விரும்புவார்கள். அவர்களைப் படுக்கவைக்கக் கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் உள்ள பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தும். வலது இடுப்புக்குக் கீழே ஏதாவது வைத்து இடப்புறமாகச் சாய்க்க வேண்டும். முதல் வகுப்பில் இவ்வளவு போதும்.

இரண்டாம் வகுப்பு: மயக்கம்

பல் மருத்துவ நாற்காலியில் அதிகம் நடப்பது சாதாரண மயக்கம்தான். பயம், வலி, ஊசியைப் பார்த்தது, காலையில் சாப்பிடாதது என்று ஏதோ ஒன்று தூண்ட, நாடி மந்தமாகி, ரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. முகம் வெளுக்கும், வியர்க்கும், குமட்டும், பிறகு நினைவு தப்பும். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள்.

இதை எளிதான விஷயம் என்று ஒதுக்காதீர்கள். எந்த மாணவரும் படிப்பு முடிவதற்குள் ஒரு முறையாவது இதைச் சந்திப்பார் என்பதால், இதில் ஊறிய பழக்கமே மற்ற எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். இரண்டு பொறிகளை ஒத்திகையில் வையுங்கள். ஒன்று, மயங்கியவரின் கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுப்பது. உடனே 'வலிப்பு' என்று கத்துவார்கள். சாதாரண மயக்கத்திலும் அப்படி நடக்கும் என்பதை அங்கே சொல்லலாம். மற்றொன்று, இரண்டு நிமிடம் கழிந்தும் தெளியாத நோயாளி. அப்போது மாணவர் "இது வெறும் மயக்கம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி, மூச்சு, நாடி, சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும். முதலில் நினைத்ததையே பிடித்துக்கொண்டு தொங்கும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சர்க்கரை குறைவதையும் இதே வகுப்பில் சேர்த்துவிடலாம். இன்சுலின் போட்டுக்கொண்டவர், பல் வலியால் சாப்பிடாமல், காத்திருப்பு அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வியர்வை, நடுக்கம், எரிச்சலான பேச்சு. அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. விழுங்க முடிகிறவருக்கு 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்குத் தசையில் குளுக்ககான் 1 மில்லிகிராம்.

மூன்றாம் வகுப்பு: கண்ணாடிக்குப்பியும் அட்ரினலினும்

என்னைக் கேட்டால், அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இந்த வகுப்புக்குத்தான்.

பல் மருத்துவ மாணவர்கள் நாள் முழுக்க ஊசி போடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையாள்வது மரப்பு மருந்து ஏற்கெனவே அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ். கண்ணாடிக்குப்பியின் கழுத்தை உடைத்து, சாதாரண சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, தொடைத்தசையில் செலுத்திய அனுபவம் பலருக்கு ஒரு முறைகூட இருக்காது. மருந்தின் அளவு மனப்பாடமாகத் தெரியும். குப்பியை உடைக்கத் தெரியாது. உப்புநீர்க் குப்பிகளை வாங்கி வைத்து, துணியால் சுற்றி உடைக்க, 1 மில்லி சிரிஞ்சில் 0.5 மில்லி எடுக்க, பஞ்சுத் தலையணையில் செங்குத்தாகச் செலுத்தப் பழக்குங்கள். நேரத்தைக் குறித்துவையுங்கள். முதல் முறை ஆகும் நேரத்தையும் ஐந்தாம் முறை ஆகும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வேறு பேச்சே தேவைப்படாது.

தீவிர ஒவ்வாமையில் பெரியவர்களுக்கான அளவு, 1:1000 செறிவுள்ள அட்ரினலின் 0.5 மில்லி, அதாவது 0.5 மில்லிகிராம். தொடையின் நடுப்பகுதியில், முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் உள்ள தசையில். முன்னேற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். 6 முதல் 12 வயது வரை 0.3 மில்லிகிராம், ஆறு மாதத்திலிருந்து 6 வயது வரை 0.15. உங்கள் நாட்டு நெறிமுறை வேறு அளவு சொன்னால் அதையே கற்பியுங்கள். கூடவே ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், கால்களை உயர்த்திப் படுக்கவைத்தல். மூச்சுத்திணறல் அதிகமாக இருந்தால் உட்காரலாம். ஆனால் சட்டென்று எழுந்து நிற்க விடக் கூடாது. திடீரென ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்பார்: "மரப்பு மருந்திலேயே அட்ரினலின் இருக்கிறதே, அதையே போடலாமா?" நல்ல கேள்வி, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1:1,00,000 செறிவுள்ள 1.8 மில்லி கார்ட்ரிட்ஜில் இருப்பது 18 மைக்ரோகிராம். 500 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 28 கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஒவ்வொன்றிலும் மரப்பு மருந்தான லிடோகெயின் 36 மில்லிகிராம் இருப்பதால், அத்தனையும் சேர்ந்தால் 1,000 மில்லிகிராமைத் தாண்டும். அட்ரினலின் கலந்த லிடோகெயினுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு 500. ஒவ்வாமைக்கு மருந்து கொடுக்கப் போய் மரப்பு மருந்தே நஞ்சாகிவிடும்.

தானியங்கி ஊசிப் பேனா இருக்கும் இடங்களில் ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவையும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலிலேயே அழுத்திக்கொள்வது உலகெங்கும் நடக்கிற தவறு. பயிற்சிப் பேனாவில் அந்தத் தவறு நடந்தால் நல்லதுதான். கட்டைவிரல் அதை மறக்காது.

நான்காம் வகுப்பு: நெஞ்சும் மூச்சும்

நெஞ்சுவலியில் சிகிச்சையை நிறுத்தி, நோயாளிக்கு வசதியான நிலையில் உட்காரவைத்து, கிளிசரில் டிரைநைட்ரேட் நாவின் கீழ். கொடுக்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 90க்குக் கீழே என்றால் கூடாது. ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை அண்மையில் சாப்பிட்டிருந்தாலும் கூடாது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மாணவர்கள் வெட்கப்படுவார்கள். "கடந்த இரண்டு நாளில் சில்டெனாஃபில் போன்ற மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா? இந்த மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து, அதனால் கேட்கிறேன்" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும், அது வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவையுங்கள். ஓய்வெடுத்தும் மருந்து தெளித்தும் வலி நீங்கவில்லையென்றால் மாரடைப்பாகவே கருதி, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஒவ்வாமை இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கக் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்திருந்தால் மட்டும் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

வலிப்பில் வாயில் எதையும் திணிக்காதே, பிடித்து அழுத்தாதே, ஐந்து நிமிடம் தாண்டினால் மிடாசோலம், ஆம்புலன்ஸ். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடுபவரைக் காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கைவிடச் சொல்லுங்கள். அது ஆஸ்துமாவாகவோ இதயக்கோளாறாகவோ இருந்தால் விபரீதம். ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால், இடைக்குழல் வழியாக, ஒவ்வொரு அழுத்தலாக, தேவைப்பட்டால் பத்து வரை.

வாய்க்குள் நழுவிய பல் உறையோ சிறு கருவியோ கண்ணில் படவில்லை என்றால் நோயாளியைச் சட்டென நிமிர்த்தக் கூடாது. பக்கவாட்டில் திருப்பி இருமச் சொல்ல வேண்டும். கிடைக்கவில்லையென்றால், நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பாமல் ஊடுகதிர்ப் படத்துக்கு அனுப்ப வேண்டும். உள்ளே போன பொருள் இருமல்கூட இல்லாமல் நுரையீரலில் தங்கிவிடலாம்.

இதய நிறுத்தத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். இதைத் தரையில் பொம்மையை வைத்துப் பழகுவது வழக்கம். ஆனால் நோயாளி சரிவது நாற்காலியில். கனமானவரைத் தரைக்கு இறக்குவதற்குள் அருமையான நேரம் போய்விடும். எனவே பொம்மையை நாற்காலியில் கிடத்துங்கள். தட்டையாகச் சாய்த்து, கீழே இறக்கி, முதுகுச்சாய்வுக்கு அடியில் மருத்துவரின் முக்காலியை முட்டுக்கொடுங்கள். முட்டில்லாமல் அழுத்தினால் சாய்வு தொட்டில் போல் ஆடும். அழுத்தத்தில் பாதி நாற்காலிக்குப் போய்விடும். முட்டோடும் முட்டின்றியும் செய்து பார்க்கச் சொன்னால் வித்தியாசத்தைக் கையே சொல்லும். உங்கள் நாற்காலிக்கு எந்த முக்காலி உயரம் பொருந்துகிறது என்பதை அன்றே கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள்.

ஒத்திகையை நடத்தும் விதம்

நான்கு பேர் போதும். ஒருவர் நோயாளியின் தலைமாட்டில், ஒருவர் பெட்டியோடு, ஒருவர் தொலைபேசியில், ஒருவர் நேரத்தைக் குறிப்பவர். தலைமாட்டில் இருப்பவர் "யாராவது ஆக்சிஜன் எடுத்து வாருங்கள்" என்றால் யாரும் நகர மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவரும் "எடுத்து வருகிறேன்", "இதோ திறந்துவிட்டேன், 15 லிட்டர்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசுபவர் உண்மையிலேயே பேச வேண்டும். மறுமுனையில் நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். கட்டடத்தின் எந்த வாசல், எந்தத் தளம், மின்தூக்கி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுகளாக அதே கட்டடத்தில் படிப்பவருக்கு அதன் முகவரி தெரியாமல் இருப்பதை அப்போது பார்ப்பீர்கள்.

ஒத்திகை நடக்கும்போது ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது எனக்கு வசப்பட நெடுநாளானது. மாணவர் தவறு செய்யும்போது உடனே திருத்தினால், நோயாளியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வார். நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றை மட்டும், அவர் பார்த்த பிறகு, சொல்லுங்கள். பார்க்காமல் "நாடி எவ்வளவு?" என்று கேட்டால் "பாருங்கள்" என்பதே பதில்.

நோயாளி சாகும் கதையைப் புதியவர்களுக்கு வைக்காதீர்கள். திகிலூட்டிக் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒத்திகை ஐந்து அல்லது ஆறு நிமிடம். அதன்பின் பேச்சு பதினைந்து நிமிடம். "என்ன நடந்தது?" என்று நடித்த நோயாளியிலிருந்து தொடங்குங்கள். நாற்காலியில் படுத்திருந்தவர் சொல்வது எப்போதும் வியப்பளிக்கும்: "என் தலைக்குமேல் நான்கு பேர் கத்தினார்கள், என்னிடம் ஒருவர்கூடப் பேசவில்லை."

மறுபடியும், மறுபடியும்

நெஞ்சழுத்தத் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். ஆகவே ஆண்டுக்கொரு பெரிய நாளைவிட, மாதத்துக்கொரு பத்து நிமிடம் மேல். சிகிச்சைக்கூடம் தொடங்கும் முன், முன்னறிவிப்போடு, ஒரே ஒரு காட்சி. உதவியாளர்களையும் செவிலியர்களையும் வரவேற்பு மேசையில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி எங்கே என்று பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இவற்றோடு, நோயாளியின் பழைய நோய்களைக் கேட்டு எழுதும் பயிற்சியையும் இணைத்துவிடுங்கள். பாதி அவசரநிலைகள் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். "சர்க்கரை உண்டா?" என்பதோடு நிறுத்தாமல், "இன்று இன்சுலின் போட்டீர்களா, அதன்பின் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கவேண்டும். "ஆஸ்துமா உண்டு" என்பவரிடம் இன்ஹேலர் கையில் இருக்கிறதா என்று பார்த்து, அதைக் கருவித்தட்டிலேயே வைக்கச் சொல்ல வேண்டும்.

தேர்வில் நான் பார்ப்பது மிகச் சில: கருவியை எத்தனை நொடியில் கீழே வைத்தார், எத்தனை நொடியில் உதவி கேட்டார், குப்பியிலிருந்து சரியான அளவை எடுத்தாரா, நாற்காலியில் நெஞ்சழுத்தம் சரியாக இருந்ததா. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னால் மதிப்பெண் குறைப்பதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் மூச்சுப்பாதையைத் திறந்து ஆக்சிஜன் கொடுத்து ஆளைக் கூப்பிட்டவரே எனக்குத் தேறியவர்.

ஒவ்வொரு ஒத்திகையும் முடிந்து மாணவர்கள் கலையும் முன், உப்புநீர்க் குப்பிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்; ஒன்றுகூட உண்மையான பெட்டிக்குள் போய்விடக் கூடாது. பயிற்சிப் பேனாவும் அப்படியே. பெட்டியை மூடி முத்திரையிட்டு, யார் எப்போது திறந்தார் என்று எழுதி, சிலிண்டரின் வால்வை இறுக மூடி, அளவுமானியின் முள்ளை ஒரு மாணவரையே படிக்கச் சொல்லுங்கள்.